ஜன்னலுக்குக் கீழே தேனீக்கள்

வில்பிரட் புகைச்சட்டியில் தேங்காய் நாரைத் திணித்து ஊதிக்கொண்டே, மைனி, மூடியைத் திறக்கட்டுமா என்று இரண்டாம் தடவையாகக் கேட்டான். அப்போதுதான் சுகந்தபாய்க்குத் தன் கண் இவ்வளவு நேரமும் தேனீப் பெட்டியில் இல்லை, பெட்டிக்கு மேலே இருந்த ஜன்னலில் இருந்தது என்று உறைத்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் அவள் புருஷன் ஏசுவடியான், போன வைகாசியில் இடவப்பாதி மழையின்போது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, வாய் கோணி, பேச்சுப் போய்க் கிடக்கிறார். திற என்றாள். திறந்தால் ஈக்கள் எழும்பும், எழும்பினால் கொஞ்சம் கம்பி வழியாக உள்ளே போகும், போனால் அந்தச் சத்தம் வரும். ம்ப்பா, ம்ப்பா என்று நெஞ்சை இடித்துக்கொண்டு வருகிற அந்த ஒரு சத்தம்தான் அவரிடம் மிச்சம் இருக்கிறது. பயந்தால் வருகிற சத்தம். பெட்டியை அவ்விடத்தில் வைத்ததே அதற்குத்தான், வேறெதற்கு, தேனுக்கா, தேனுக்கும்தான், ஆனால் தேனுக்கென்றால் ரப்பர் மரத்து நிழலில் வைத்திருக்கலாமே, வில்பிரட் அங்கேதானே வைக்கச் சொன்னான். சின்ன வயதில் கல்லறைத் தோட்டத்தில் கடந்தல் குளவிக் கூடு கலைந்து முகமெல்லாம் கொட்டி மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்த மனுஷன் அவர். கல்யாணம் ஆன புதிதில் ஒரு ஒற்றைக் குளவி அடுக்களைக்குள் வந்ததற்குச் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சிரிக்காதவள் பிறகு ஒருநாள் சிரித்தாளே, அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், பெட்டியைப் பார், வில்பிரட் மூடியைத் தூக்குகிறான்.

ஈக்கூட்டம் வந்ததும் அவரால்தான் என்று சொல்லலாம். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு, அவர் நனைத்த போர்வையைத் துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். முகர்ந்து முகர்ந்து மூக்கு செத்துப்போன நாட்கள். தலைக்கு மேல் ஒரு இரைச்சல், மழை தூரத்தில் வருகிற மாதிரி. நிமிர்ந்தால் வானத்தில் கரும்புள்ளியாகச் சுழன்று, சுழன்று, கொய்யாக் கிளையில் வந்து ஒட்டி, பார்த்திருக்கும்போதே ஒரு பலாப்பிஞ்சு மாதிரி தொங்கிவிட்டது. ஓடத் தோன்றவில்லை. எங்கிருந்தோ மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டன, பழைய வீட்டை விட்டு, ராணியைக் கூட்டிக்கொண்டு, ஒன்றுகூடப் பின்னால் திரும்பிப் பார்க்காமல். கிளம்பலாம் போலிருக்கிறதே என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, கையிலிருந்த போர்வையை மறுபடியும் கல்லில் அடித்தாள். எஸ்டேட்டுகளில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற வில்பிரட் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறான். ஆள் விட்டு அழைத்தாள். அவன் கூட்டத்தின் மேல் தண்ணீர் தெளித்து, கீழே பனையோலைக் கூடையைப் பிடித்து, கிளையை ஒரே உலுக்கு உலுக்கினான். மண்ணாங்கட்டி விழுகிற மாதிரி பொத்தென்று விழுந்தன. தன்னுடைய கூட்டிலிருந்து புழு வளரும் அடை ஒன்றை அறுத்துக் கொண்டுவந்து, மரச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தான். பிள்ளை இருந்தால் விட்டுப் போகாது மைனி என்றான். வாசலில் ஒரு தகரத் தடுப்பு. வேலைக்கார ஈ நுழையும், ராணியின் பெரிய உடம்பு நுழையாது. நாலு நாள் ராணியை உள்ளே போட்டு அடைத்தால் பிறகு இதுதான் தன் வீடு என்று நினைத்துக்கொள்ளும் என்றான். நாலு நாளில் நினைத்துக்கொள்ளுமா. அவளுக்கு எத்தனை நாள் ஆயிற்று. பெட்டியை எங்கே வைக்க என்று அவன் கேட்டபோது அவள் ஜன்னலைக் காட்டினாள். அண்ணனுக்கு உபத்திரவமாக இருக்குமே, விளக்குப் போட்டால் உள்ளே வருமே என்று அவன் இழுத்தான். அண்ணனுக்கும் பொழுது போகணும்லா என்றாள் சுகந்தபாய்.

பாட்டு. ஒரு பாட்டுக்குத்தான் இவ்வளவும். ஆலய அறுப்புப் பண்டிகையில் ஏசுவடியான் தனியாக நின்று பாடினார், வெள்ளை ஜிப்பா, எண்ணெய் தேய்த்து வாரிய தலை, நல்ல குரல்தான், ஊரில் எல்லோரும் சொல்கிற குரல். மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ கிளுக்கென்றார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் வந்துவிட்டது, முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை, தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலயம் நிறைய ஆள் இருந்தும் அவளை மட்டும். அன்றைக்கு ராத்திரி சோறு போடட்டுமா என்று கேட்டாள், பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கோபம் ஆறும் என்று இருந்தாள். அப்போது மகள் ஷைனி பத்தாம் வகுப்பு; அம்மாகிட்ட சொல்லு, தண்ணி வேணும் என்பார் அவளிடம், அம்மா அங்கேயே தண்ணீரோடு நிற்கும்போது. ஷைனி படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகிப் பெங்களூருக்கும் போனாள். அதன்பிறகு அலமாரியைப் பார்த்துச் சொன்னார், கோழியைப் பார்த்துச் சொன்னார். அடிக்கவில்லை. குடிக்கவில்லை. ஊரில் யாரிடம் போய் என்ன சொல்வது, என் புருஷன் என்னிடம் பேசவில்லை என்றா, அதனால் என்ன பெண்ணே என்பார்கள். சாயங்காலம் டீக்கடையில் அவர் கதை சொல்ல, ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும். அவள் அரிவாள்மணையில் மீனை வைத்துக்கொண்டு காது கொடுப்பாள். என்ன சொன்னார், எதற்குச் சிரிக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பேச்சு இருந்தது. அழுதாள், காலைப் பிடித்தாள், பட்டினி கிடந்தாள், ஒருதடவை சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அவர் சிதறின ஓட்டைத் தாண்டி, மிதிக்காமல், பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

புகை சுருண்டு அவள் கண்ணுக்குள் வந்தது. பெட்டியின் மேல் அறையிலிருந்து முதல் சட்டத்தை வில்பிரட் உருவி எடுத்துக் காட்டினான். மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளை மெழுகு மூடிய தேன். பாருங்க மைனி, என் பெட்டி ஒண்ணுலகூட இப்படி இல்ல என்றான். ஈக்கள் எழும்பிவிட்டன. அவள் காதைத் தீட்டினாள். சத்தம் வரவில்லை. வரும். பக்கவாதம் வந்த அன்றைக்கும் சத்தம் இல்லைதான். மழை விட்டிருந்தது, அவர் வாசற்படியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஒரு செருப்பு கழன்று கிடந்தது. என்ன செய்யுது என்று கேட்டாள். பதில் இல்லை. பதில் என்றைக்கு இருந்தது. முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தார், அதுவும் வழக்கம்தான். அவள் உள்ளே போய் மரச்சீனிக்கிழங்கை வேகவைத்தாள், சாளைமீன் கறி கூட்டினாள், குளித்தாள், துணி மாற்றினாள். திரும்ப வந்து பார்த்தபோது அதே இடத்தில் அதே சாய்வில் எச்சில் வடிந்து சட்டை நனைந்திருந்தது. உடனே கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடங்கினார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எப்படித் தெரியும், யாருக்குத் தெரியும். பேசாதவன் பேசாமல் இருந்தால் நோய் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவள் கேட்டாளே, கேட்காமலா போனாள், என்ன செய்யுது என்று கேட்டாள். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பேச வேண்டும் என்று நினைத்தால் வராதாம், நினைக்காத நேரத்தில் தானாக ஒரு சொல் வந்து விழலாமாம், சிலருக்கு அப்படி உண்டாம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரு வேலை ஆயிற்று. கஞ்சி கொடுக்கும்போது, திருப்பிப் படுக்க வைக்கும்போது, துடைக்கும்போது அந்தக் கோணல் வாயையே பார்ப்பது. இது முடியாத வாயா, மாட்டேன் என்கிற வாயா. பாதி முகம் செத்தது, மீதிப் பாதி பழைய முகம். அந்த மீதியில் எது இருக்கிறது. தோண்டிப் பார்க்க முடியவில்லை.

அதனால் பேசினாள். இத்தனை வருஷப் பேச்சையும் இந்த மாதங்களில் பேசினாள். அவர் எழுந்து போக முடியாது, கதவைச் சாத்த முடியாது, காதைப் பொத்த இடது கை ஒன்றுதான் உண்டு, ஒரு காதுக்குத்தான் அது ஆகும். ஈ வந்தபிறகு பேச விஷயமும் கிடைத்தது. பெட்டி ஸ்டாண்டின் கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியதை, சிரட்டையில் சர்க்கரைப்பாகு ஊற்றி மூழ்காமலிருக்க ஓலைக்குச்சி போட்டதை, அடையைத் துளைத்த மெழுகுப்புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டதை எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். தை மாதத்தில் கூட்டம் பெருகி, புது ராணி வளர்க்க அடையின் அடியில் நிலக்கடலைத் தோடு மாதிரி அறைகள் கட்டின. புது ராணி வந்தால் பழையது பாதி ஈயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும், கண்டவுடன் நசுக்குங்க என்று வில்பிரட் சொல்லியிருந்தான். அவள் நகத்தால் ஒவ்வொன்றாக நசுக்கினாள். உள்ளே வெள்ளையாக, பால் மாதிரி, கண் எழுதத் தொடங்கிய ஒரு குஞ்சு ராணி. விரலை ஜன்னலுக்குள் நீட்டி அவருக்குக் காட்டினாள். பாத்தியளா, இஞ்ச இருந்து யாரும் கிளம்ப முடியாது என்றாள். அவர் விரலைப் பார்க்கவில்லை, விரலுக்கு அப்பால் எதையோ பார்த்தார். ஈ ஒன்று உள்ளே நுழைந்தது. ம்ப்பா என்றார். அவளுக்கு வயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அந்தக் குளிர்ச்சிக்காகக் கூட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், பிள்ளையைப் பார்ப்பதுபோல, இல்லை, ஷைனியைக்கூட இப்படிப் பார்க்கவில்லை. மாசியில் ரப்பர் தளிர்விட்டபோது தளிர்க்காம்பில் ஊறிய தேனைச் சுமந்து சுமந்து ஈக்கள் பெட்டியின் மேல் அறையை நிறைத்தன. ஈ கூடக்கூட அவருக்குப் பயம் கூடும் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டாள்.

வில்பிரட் சட்டத்தைச் சுழற்று இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றும்போதுதான் சத்தம் வந்தது. ம்ப்பா. இன்னொரு தடவை. பிறகு வேறு ஏதோ, தகரத்தில் தேன் தெறிக்கிற ஓசையில் சரியாகக் கேட்கவில்லை. இன்றைக்கு ரொம்பப் பயந்துவிட்டார். பெட்டியே திறந்து கிடக்கிறது, உள்ளே நூறு ஈயாவது போயிருக்கும், முகத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை இறுக்கிக்கொண்டு வியர்த்துக் கிடப்பார். இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாறேன் என்று வில்பிரட்டிடம் சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி உள்ளே போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. அவர் இடது கையை ஜன்னல் படியில் நீட்டி வைத்திருந்தார். விரல்களிலும் படியிலும் காலை டீ வழிந்து கிடந்தது. தினமும் டீயைக் கொட்டித் தொலைக்கிறார் என்று அவள் வைத வசவெல்லாம் அந்த ஒரு நொடியில் அவளுக்கே திரும்ப வந்து நின்றது. கொட்டவில்லை. வைத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய விரல்களில், மணிக்கட்டில், நரை மயிர் நிறைந்த முன்கை முழுக்க ஈக்கள் உட்கார்ந்து இனிப்பை நக்கிக்கொண்டிருந்தன. கை நடுங்கவில்லை. செத்த பாதி முகம் அப்படியே இருக்க, மற்றப் பாதி மலர்ந்து, கண்ணோரம் நீர் கோத்து, டீக்கடையில் கதை சொல்கிற நேரத்தில் இருந்திருக்கக்கூடிய ஒரு முகம், அவள் பார்த்தே இராத ஒரு முகம். கம்பிக்கு வெளியே தயங்கிப் பறந்த ஒரு ஈயைப் பார்த்து அவர் சொன்னார்.

“வா, மக்கா.”

தெளிவாக. திக்காமல். ஷைனியைத் தூக்கிக் கொஞ்சிய அதே குரலில். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அப்படியானால் ம்ப்பா பயம் இல்லை. இத்தனை நாளும் பயம் இல்லை. அது விளி. அவற்றைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, முட்டி முட்டி, இன்றைக்குச் சொல்லாகத் திறந்திருக்கிறது. அவள் பாகு ஊற்றி, புழு பொறுக்கி, ராணிகளை நசுக்கி, ஒன்றுகூடப் பிரிந்து போகாமல் கட்டிக் காத்து, அவருக்குப் பேச ஆள் வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். உடனே இன்னொரு எண்ணம் ஓடிவந்தது, வாய் வந்துவிட்டது, வாய் வந்துவிட்டதே, இனி வரும். சந்தோஷமா அது, சந்தோஷம்தான். ஷைனிக்குப் போன் போடணும். போடக் கூடாது, அவளிடமும் பேசிவிடுவார். முதலில் எனக்கு. ஒரு சொல். இத்தனை காலத்துக்கு ஒரு சொல். அவள் வந்த வழியே திரும்பிப் போனாள். வெளியில் வில்பிரட் துணியில் தேனை வடித்து ஒரு விரல் நக்கச் சொன்னான். நக்கினாள். தொண்டையில் காறியது. வடிகட்டினாள், குப்பிகளைத் துடைத்தாள், சக்கை மெழுகை உருட்டி வைத்தாள். எல்லாவற்றையும் கை செய்தது.

மத்தியானம் அவன் சாப்பிடப் போனபிறகு குளித்து, நல்ல சேலை எடுத்துக் கட்டினாள். எதற்கென்று யோசிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கையைத் துடைத்துவிட்டாள், ஈயின் கால் பட்ட இடமெல்லாம். கொட்டின தடம் ஒன்றுகூட இல்லை. நான் கேட்டேன் என்றாள். அவர் அவளைப் பார்த்தார். நீங்க சொன்னதை நான் கேட்டேன், இனி மறைக்க முடியாது. அவர் கண்ணை எடுக்கவில்லை. கோபமாக ஆரம்பிக்கத்தான் வந்தாள், கோபத்தைக் காணவில்லை. அன்னைக்குச் சிரிச்சது தப்புத்தான், ஆனா அழகாத்தான் பாடுனிய, எனக்கு வேற ஒருத்தி சிரிச்சதுல சிரிப்பு வந்துட்டு, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணுமில்ல என்றாள். இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். பிறகு தரையில் இறங்கி முட்டுப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“என் பேரு வேண்டாம். ஒருக்கா ஏட்டின்னு விளியுங்க. அது போதும்.”

உதடு அசைந்தது. அசைந்ததை அவள் பார்த்தாள். இடப்பக்க உதடு குவிந்து, கன்னம் இழுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. முயற்சி செய்கிறாரா, அடக்குகிறாரா. காற்று மட்டும் வந்தது, கஞ்சி வாடையோடு. ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது, அது எந்தக் கண்ணீர், நல்ல பக்கமா செத்த பக்கமா என்று அவள் பார்த்தாள். இரண்டு பக்கமும் வழிந்தது. நினைத்தால் வராது என்று டாக்டர் சொன்னார். அதுதான். அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் அவர் கண்ணைத் திறந்தார். முகத்தை அவளிடமிருந்து மெல்ல, கஷ்டப்பட்டு, ஜன்னல் பக்கம் திருப்பினார். சுகந்தபாய் எழுந்தாள். கஞ்சியைக் கொடுக்கவில்லை, கோழிக்கு ஊற்றினாள்.

சாயங்காலம் இயந்திரத்தை எடுக்க வந்த வில்பிரட்டிடம், பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ என்றாள். அவனுக்குப் புரியவில்லை. எஸ்டேட்டுக்குக் கொண்டு போ, திருப்பித் தர வேண்டாம், உனக்குத்தான். இன்னும் ரெண்டு தடவை தேன் எடுக்கலாமே மைனி, இப்படி ஒரு கூட்டத்தைக் கை விடுவாங்களா என்றான். அண்ணனுக்கு உபத்திரவமா இருக்கு என்றாள். சரி, இருட்டட்டும், எல்லாம் உள்ளே அடைஞ்ச பிறகு வாசலை மூடி எடுக்கேன், இப்ப எடுத்தா வெளிய போனதெல்லாம் வந்து வீட்டைக் காணாம அலைஞ்சு சாவும் என்றான். தோட்டத்தின் மேல் இன்னும் வெயில் இருந்தது. ரப்பர் இலைகளின் மேலாக ஈக்கள் பாரத்தோடு தாழ்ந்து தாழ்ந்து வந்துகொண்டிருந்தன. இப்பவே எடு என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டி வாசலில் துணியை அடைத்து, கயிறு போட்டுக் கட்டி, பெட்டியைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

வந்த ஈக்கள் வெறும் ஸ்டாண்டின் மேல் இறங்கின. எழும்பின. சுற்றின. பெட்டி இருந்த உயரத்தில், வாசல் இருந்த அதே இடத்தில், ஒன்றுமில்லாத காற்றுக்குள் நுழையப் பார்த்தன. அவள் அறைக்குள் போய் ஜன்னலின் கண்ணாடிக் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டாள். வெளியே மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டாள். போட்டதும் அவை வெளிச்சத்துக்கு வந்தன. கண்ணாடியில் ஒவ்வொன்றாக வந்து இடித்தன, மெல்லிய, சின்னச் சத்தம், மணலை அள்ளி வீசுகிற மாதிரி. சில வழுக்கிக் கீழே விழுந்து மறுபடியும் ஏறி வந்தன. ஏசுவடியான் இடது கையைத் தூக்கினார். கொக்கி எட்டவில்லை. விரல் நுனி கண்ணாடியைத் தொட்டது, தொட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்திவிடலாம், ஒரு கொக்கி, எடுத்தால் போதும், அவள் கை அங்கே போகவில்லை. ம்ப்பா என்றார். ம்ப்பா. அது திக்கித் திக்கித் திறந்து வந்தது.

“வா, மக்கா. வா.”

சுகந்தபாய் போய்க் கண்ணாடியை மறைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவருடைய தூக்கிய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அமர்த்தினாள்.

“வந்துட்டேன்” என்றாள். “சொல்லுங்க.”